செட்டு, லைன், பிரஷர்

சேசு மரி சூசை துணை

திரேஸ்புரம்,
தூத்துக்குடி.
9-1-1977

அன்புள்ள மகன் கபிரியேலுக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. அப்பாவும் நானும், உன் தங்கச்சி ஜெயசெல்வியும் அவள் புருஷன் தஸ்நேவிஸும் இங்கே மாதா புண்ணியத்தில் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தக் குவைத்து வெயிலில் அப்படியே இருக்க வேண்டுமென்று தினமும் செபமாலையில் ஒரு மணி உனக்கென்று தனியாகத் தள்ளுகிறேன். ஜெயசெல்விக்கு இது ஆறாம் மாதம், வயிறு நன்றாக வெளியே தெரிகிறது, புளி கேட்கிறாள், யாரும் பார்க்காத நேரத்தில் அடுப்புச் சாம்பலைத் தின்கிறாள், திட்டினால் சிரிக்கிறாள். உடம்புக்குக் குறைவில்லை என்றுதான் எழுதினேன், மனசைப் பற்றி எழுதவில்லை, அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அப்பா கடற்கரைக்குப் போயிருக்கிறார், அவர் திரும்புவதற்குள் எழுதி ஒட்டித் தபால் பெட்டியில் சேர்த்துவிட வேண்டும், அதனால் எழுத்து கிறுக்கலாக இருந்தால் கோபித்துக்கொள்ளாமல் ஒரு தடவைக்கு இரண்டு தடவை வாசி.

உன் கிறிஸ்துமஸ் கடிதம் பெருநாள் முடிந்து பலகாரமெல்லாம் தீர்ந்த பிறகுதான் வந்தது. வழக்கம்போல எல்லாரையும் உட்காரவைத்து நான் சத்தமாக வாசித்தேன், கேம்ப் மாறிவிட்டது, டூட்டி நைட்டில், ஃபோர்மேன் நல்ல டைப், மெஸ்ஸில் அட்ஜஸ்ட் செய்துகொள்கிறேன் என்று பாதிக்குப் பாதி இங்கிலீஷாகவே எழுதியிருக்கிறாய். நான் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் எட்டு வரைக்கும் படித்தவள், எங்கள் மதர் ஒரு சொல்லுக்கு ஒரு அர்த்தம்தான் சொல்லிக்கொடுத்தார். டைப் என்றால் உன் தங்கச்சி இன்ஸ்டிடியூட்டில் போய்த் தட்டினாளே அதுதான் என்று நினைத்திருந்தேன், ஆட்களும் டைப்பாக இருப்பார்கள் என்று உன் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அட்ஜஸ்ட் செய்கிறேன் என்றால் அரைவயிற்றோடு கிடக்கிறாய் என்றுதான் எனக்குப் படுகிறது. சோறு வாயில் வைக்க முடியவில்லை என்றால் முடியவில்லை என்று எழுது, பெற்ற அம்மாவிடம் என்ன அட்ஜஸ்ட். நீ மட்டும் இல்லை, புதுத் துறைமுகம் வந்ததிலிருந்து இங்கேயும் நாலு பேச்சுக்கு ஒரு பேச்சு இங்கிலீஷ்தான். நாம் குடியிருப்பது லைன் வீடு, குழாயடியில் குடத்தை வைத்துக் காத்திருப்பதும் லைன், கரண்டு கம்பத்தில் ஏறுகிறவன் லைன்மேன், அடுத்த வீட்டு மிக்கேலின் மகன் டுட்டோரியல் வாசலில் தலையைச் சீவிக்கொண்டு நிற்பதும் லைன்தானாம். அவன் அம்மாவிடம் இதை விளையாட்டாகச் சொல்லப்போய் அவள் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். கோயில் சப்பரத்துக்கு முன்னால் போவது பாண்டு செட்டு, உன் பெரியப்பா வாயில் மாட்டியிருப்பது பல் செட்டு, இப்போது இன்னொரு செட்டு ஊருக்குள் வந்திருக்கிறது, அதற்கு வருகிறேன். மேசை, சாவி, அலமாரி, குசினி எல்லாம் பறங்கிக் கப்பலில் வந்து இறங்கிய சொற்கள் என்று சாமியார் பிரசங்கத்தில் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். அவை வந்தன, வீட்டுக்குள் ஆளுக்கு ஒரு இடம் பார்த்து உட்கார்ந்துவிட்டன, அன்றைக்கும் மேசை மேசைதான், இன்றைக்கும் மேசைதான். இந்த இங்கிலீஷ் சொற்கள் ஒரு இடத்தில் நிற்கமாட்டேன் என்கின்றன, காலையில் டீக்கடையில் கேட்ட சொல் சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறது.

அம்மாவுக்கு வேறு வேலை இல்லையா, சொல் பொறுக்கிக்கொண்டு இருக்கிறாளே என்று நீ சிரிப்பாய். இதில் ஒரு விஷயம் இருக்கிறதடா. இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து நான் பார்த்து வைத்திருக்கிறேன், பயம் வருகிற இடத்தில்தான் நம் ஆண்பிள்ளைகள் இங்கிலீஷுக்குத் தாவுகிறார்கள். அப்பா துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்ச் பார்த்த காலத்தில் ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, ஒண்ணுமில்லளா, சின்ன ஆக்சிடென்டு என்றார். மறுநாள் அந்த அடிபட்ட மனுஷனைப் பார்க்கப் போனேன், முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. கால் போய்விட்டது என்று அப்பாவால் சொல்ல முடியவில்லை, ஆக்சிடென்டு என்று சொல்ல முடிந்தது. போன வருஷம் கரைக்கு வராமல் போன வள்ளத்தில் இருந்த நம் ஞானாதிக்கத்துக்கு என்ன ஆனது என்று ஊருக்கே தெரியும், ஆனால் இன்றைக்கும் அவன் மிஸ்ஸிங்தான். அவன் பெண்டாட்டி கலர் சேலையும் பூவுமாகப் பூசைக்கு வந்து, அவுக மிஸ்ஸிங்கு மாமி என்று என்னிடமே சொல்கிறாள். செத்துப்போனான் என்ற சொல்லை அந்த வீட்டில் எடுக்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. நான் குறை சொல்லவில்லை, எனக்கும் அப்படித்தான் இருக்கும். ஆனால் ஒரு வீட்டுக்குள் திடீரென்று இங்கிலீஷ் அதிகமாகக் கேட்டால் என்ன கெட்டதை மறைக்கிறார்கள் என்று தேட ஆரம்பித்துவிடுவேன், இப்போது நம் வீட்டுக்குள் கேட்கிறது.

நவம்பரில் ஒரு கம்பெனி மானேஜர் வந்தார், வெளியூர்க்காரர், வெள்ளைச் சட்டை, பேச்சில் தேன் ஒழுகும். சங்கு குளிக்க ஏர் செட்டு கொண்டுவந்திருப்பதாகவும் முங்கி எடுக்க நல்ல குளியாளி வேண்டும் என்றும் சொல்லி நேரே தஸ்நேவிஸைத் தேடி வந்துவிட்டார். அந்தச் செட்டை நானும் போய்ப் பார்த்தேன், லாரிக்கடையில் டயருக்குக் காற்றடிக்கும் மோட்டார் இருக்கிறதே அதேதான், அதை வள்ளத்தில் ஏற்றியிருக்கிறார்கள். அதிலிருந்து நீளமாக ஒரு ரப்பர் குழாய், அதற்குப் பெயர் லைன். அந்தக் குழாய் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்கினால் மேலேயிருந்து காற்று வந்துகொண்டே இருக்குமாம், மூச்சுப் பிடிக்க வேண்டாமாம், வேண்டிய மட்டும் கடலடியில் நடக்கலாமாம், நம் ஆட்கள் மூச்சடக்கிக் கனத்துக்குக் கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்கி எட்டமுடியாத ஆழமெல்லாம் போகலாமாம். ஆழத்தைப் பற்றிக் கேட்டேன், பிரஷர் எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், ஃபுல் சேஃப்டி என்றார். இந்த வயசுவரைக்கும் எனக்குத் தெரிந்த சேஃப்டி எல்லாம் சேஃப்டி பின் ஒன்றுதான் கபிரியேல், பிரஷர் என்றால் எனக்கு டாக்டர் கையில் பட்டி சுற்றிப் பார்ப்பது, இல்லாவிட்டால் ஜெயசெல்வி கல்யாணத்துக்கு நீ வாங்கிக்கொடுத்த குக்கர். கடலுக்கும் பிரஷர் உண்டு என்று அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். மானேஜர் போனதும் வேண்டாம் மாப்பிள்ளை என்றேன். அதற்குத் தஸ்நேவிஸ் காதைக் காட்டினான். மூச்சை அடக்கி அடக்கி அவன் காதில் எப்போதும் சீழ், போன சீசனில் மூக்கிலும் ரத்தம் வந்ததை நீ இருந்தால் பார்த்திருப்பாய். மாமி, இத்தன வருசமும் கடலுக்குள்ள செத்துச் செத்து வாரேன், இனிம அங்கன மூச்சு வுடலாமுல்லா என்று கேட்டான். அவன் முகத்தில் அப்படி ஒரு ஆசை. பிள்ளை பிறக்கப்போகிற நேரத்தில் காது கேட்கவேண்டும், அது அழுவதைக் கேட்கவேண்டும் என்கிறான்.

குளியாளி இடுப்பில் கட்டும் கயிறு மட்டும் பழைய கயிறுதான், அது இல்லாமல் தஸ்நேவிஸ் இறங்கமாட்டான். நீ இங்கே இருந்த சீசன்களில் எல்லாம் அந்தக் கயிற்றை நீதான் பிடித்தாய். பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன் பிடித்தால்தான் தன் தங்கச்சி கழுத்தை நினைத்துக் கண் அசராமல் இருப்பான் என்று நம்மவர்கள் வைத்தது. கீழேயிருந்து கயிறு குலுங்கியதோ இல்லையோ ஆள் மேலே வந்திருக்க வேண்டும், அதுதான் கயிறு பிடிக்கிறவனுக்குப் பெயர், உன் கைக்கு இருந்த வேகம் இந்தக் கரையில் வேறு யாருக்கும் இல்லை என்று இன்றைக்கும் பேசுகிறார்கள். நீ போனபிறகு அப்பா அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டார். வயசான காலத்தில் எதற்கு என்றால், என் தங்கச்சி புருசன் கயித்தப் பிடிச்ச கை இது, நான் பிடிச்ச கயித்துல ஒருத்தனும் சாவல என்கிறார். அது உண்மைதான், அதில் அவருக்கு இருக்கிற பெருமை பென்ஷனில்கூட இல்லை. டிசம்பர் தொடக்கத்தில் டிரயல் என்று செட்டை ஏற்றிக்கொண்டு போனார்கள், டிரயல் என்றால் துணிக்கடையில் ரவிக்கை போட்டுப் பார்ப்பது என்று நினைத்துக்கொண்டு நான் கவலைப்படாமல் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். ஆழத்தில் இறங்கிய தஸ்நேவிஸ் ரொம்ப நேரம் கீழேயே இருந்து சங்காகப் பொறுக்கியிருக்கிறான், எங்கேயோ குழாய் மடங்கிக் காற்று நின்றுபோய்க் கயிற்றை உலுக்கியிருக்கிறான், அப்பா ஒரே இழுப்பாக இழுத்து அவனை வள்ளத்துக்குள் போட்டுவிட்டார். எல்லாரும் கைதட்டினார்களாம், மானேஜர் சூப்பர் ஸ்பீடு என்று அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினாராம், அப்பா அன்றைக்கு வீட்டுக்கு வந்த நடையே தனி. ஆனால் தஸ்நேவிஸ் சோறு வேண்டாம் என்றான். உடம்பெல்லாம் அரிக்கிறது என்று சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றான், வலது தோள்மூட்டை அசைக்க முடியவில்லை, சட்டையைக் கழற்ற உன் தங்கச்சிதான் கைகொடுத்தாள். தைலம் தேய்த்தோம், மெதுவாகத்தான் விட்டது. மானேஜரிடம் சொன்னதற்கு, ஃபர்ஸ்ட் டைம் எல்லாருக்கும் வரும், நார்மல் என்றார். நார்மல் என்ற சொல்லை ஜெயசெல்வியைப் பார்க்கிற நர்சம்மாவும்தான் சொல்கிறாள், அவள் சொல்லும்போது எனக்குத் தெம்பு வருகிறது, இவர் சொன்னபோது வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஆலந்தலையிலிருந்து சேசடிமையைக் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். என் சித்தி மகள் வழியில் மகன் முறை, உன் வயசுதான், நீயும் அவனும் பெருநாளில் பம்பரம் விட்டிருக்கிறீர்கள். கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். ரேடியோவில் ஒன்றரை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோமே அந்த எமர்ஜென்சி என்ற சொல் வார்டு வாசலில் சிவப்பு எழுத்தில் இருந்தது, ரேடியோ சமாச்சாரத்தைக் கடிதத்தில் எழுதாதே, கவரைப் பிரித்துப் பார்க்கிறார்கள் என்று அப்பா சொல்லியிருப்பதால் அதோடு நிறுத்திக்கொள்கிறேன். சேசடிமை படுத்திருந்தான், முகம் நன்றாக இருந்தது, பேச்சும் நன்றாக இருந்தது, கஞ்சிச் சட்டியைக் கழுவக் குழாயடி எங்கே என்று எனக்கு வழிகூடச் சொன்னான். இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. ஊசியால் குத்தினாலும் தெரியவில்லை, ஒண்ணுக்குப் போக ரப்பர் குழாய் வைத்திருந்தார்கள், அதையும் அங்கே லைன் என்றுதான் சொன்னார்கள். இவனும் வேறு ஒரு கம்பெனியின் ஏர் செட்டில் இறங்கியவன். நடுவில் மோட்டார் நின்றிருக்கிறது, இவன் கயிற்றை உலுக்கியிருக்கிறான், மேலேயிருந்த அவன் மச்சான் உயிரைக் கொடுத்து இழுத்து, கண்ணை மூடித் திறப்பதற்குள் மேலே கொண்டுவந்துவிட்டான். டாக்டர் வயசானவர், ஒருகாலத்தில் நேவியில் இருந்தாராம். மச்சான் பயலை நிற்கவைத்து அவர் சொன்னதை நான் கூட நின்று கேட்டேன். கோலி சோடாவைப் பட்டென்று உடைத்தால் எப்படிப் பொங்குகிறது, மெதுவாகக் கோலியை அமுக்கி விட்டால் பொங்குமா, ஆழத்தில் இருந்துகொண்டு அந்தக் காற்றைக் குடித்தவன் ரத்தமும் அப்படித்தான், மெள்ள மெள்ள நின்று நின்று ஏற்ற வேண்டும், நீ சோடாவை உடைத்தாய் என்றார். மூச்சுப் பிடித்துக் கல்லோடு போகிறவனுக்கு வேகம் நல்லது, செட்டில் போகிறவனுக்கு அந்த வேகம்தான் எமன் என்றார். அதற்குமேல் பிரஷர் என்றும் வேறு என்னென்னவோ இங்கிலீஷிலும் சொன்னார், எனக்கு சோடாவே போதுமாக இருந்தது. அந்த மச்சான் பயல் வராந்தாவில் போய் உட்கார்ந்து இரண்டு கையையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் கொடுத்த கஞ்சியை வாங்கக்கூட அந்தக் கையைத் தூக்கவில்லை. சேசடிமை இனி நடப்பானா என்று கேட்டதற்கு, பார்க்கலாம், சான்ஸ் இருக்கிறது என்றார்கள். சான்ஸ் என்றார்களே, எனக்குப் புரிந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அவனை அடக்கம் செய்தார்கள். உனக்குப் பெருநாள் வாழ்த்து எழுதியபோது இதை வேண்டுமென்றேதான் எழுதவில்லை.

வீட்டுக்கு வந்து ஜெயசெல்வி காதில் விழாமல் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் கோபம். அந்த டாக்டர் சங்கு எடுத்திருக்காரா, கடலுக்கு அடியில என்ன இருக்குன்னு எனக்குச் சொல்லிக்குடுக்க வாரீயளோ எல்லாரும் என்று கத்தினார். நான் விடவில்லை, தஸ்நேவிஸின் தோள் வலியைச் சொன்னேன், அரிப்பைச் சொன்னேன், அன்றைக்கு அவனை மேலே இழுத்தது யார் என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. கயிற்றுச் சுருளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஏளா, கீழ கெடந்து அவன் கயித்த உலுக்குவான், நான் மேல நின்னு செபமாலை உருட்டிக்கிட்டு இருக்கணுமோ என்று கேட்டார். பிறகு ஒருநாள் காலையில் பின்பக்கம் வந்து பார்த்தால் உப்புக் கிணற்றில் வாளியை விட்டு அப்பா மெள்ள மெள்ள இழுத்துக்கொண்டிருக்கிறார், கொஞ்சம் இழுப்பது, நிறுத்துவது, நேரக் கணக்குக்கு வாய்க்குள் ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லுவது, மறுபடி கொஞ்சம் இழுப்பது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அந்த மனுஷன் இந்த வயசில் கயிறு இழுக்கப் புதிதாகப் படிக்கிறார். அப்போது குசினியில் ஜெயசெல்வி சூடான சட்டியைத் தொட்டுவிட்டு ஐயோ என்று ஒரு சத்தம் போட்டாள், அவ்வளவுதான், அப்பாவின் கை இரண்டும் பறந்தது, வாளி கிணற்றுச் சுவரில் மோதித் தண்ணீரெல்லாம் கொட்டி வெறும் வாளியாக வெளியே வந்து விழுந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் கிணற்றுப் பக்கம் போகவில்லை. இப்போது கேட்டால் மட்டும், ஐ நோ, ஐ நோ, எல்லாம் கண்ட்ரோலுல இருக்கு என்கிறார். துறைமுகத்தில் துரைமாரிடம் பேசியதைத் தவிர வீட்டில் அவர் இப்படிப் பேசியதே இல்லை, எனக்கு ராத்திரி தூக்கம் இல்லை மகனே.

நான் சும்மா இருந்துவிடவில்லை, என்னென்ன உண்டோ பார்த்துவிட்டேன். கயிற்றை உறவில்லாத ஒரு அசலானிடம் கொடுக்கலாம், அவனுக்குப் பதற்றம் இருக்காது, டாக்டர் சொன்னபடி நிறுத்தி நிறுத்தி இழுப்பான் என்று தஸ்நேவிஸிடமே சொல்லிப் பார்த்தேன். அசலான் கைக்கி என் உசுரக் குடுக்கச் சொல்லுதீயளா மாமி என்று கேட்டான், அவன் கேட்டதிலும் தப்பில்லை, அவன் அப்பாவை ஒரு கூலிக்கயிறு பிடித்தவன் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தபோதுதான் கடல் எடுத்தது. சாமியாரிடம் போனேன், அவர் மானேஜரைக் கூப்பிட்டுப் பேசினார், மானேஜர் நோ ப்ராப்ளம் ஃபாதர் என்று சொல்லிக் கோயிலுக்கு ஒரு டியூப்லைட் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இந்தச் சீசன் மட்டும் இறங்காதே என்று ஜெயசெல்வியைவிட்டுச் சொல்லச் சொல்லலாம் என்றால் வயிற்றுப்பிள்ளைக்காரியிடம் சேசடிமையின் கதையைச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. அவன் காய்ச்சலில் இறந்தான் என்றுதான் அவளிடம் சொல்லியிருக்கிறோம். அவள் புருஷன் கேப்டன் ஆகிவிட்ட மாதிரி அக்கம்பக்கத்தில் ஏர் செட்டு, ஏர் செட்டு என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள். இப்போது வாடை அடங்கிவருகிறது, தண்ணீர் தெளிந்துகொண்டிருக்கிறது, மாதக் கடைசியில் செட்டு கடலுக்குப் போகிறது. அப்பா கயிற்றுக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார்.

அதனால் நீ ஒரு காரியம் செய்ய வேண்டும். அப்பாவுக்கு எழுதிப் பிரயோசனமில்லை, அவருக்குத் தெரியாமல் இல்லை, அவர் கைக்குத்தான் தெரியாது. உன் கையும் அப்படித்தான், என் கையும் அப்படித்தான், நான் அந்த வள்ளத்தில் நின்றாலும் உலுக்கிய உடனே இழுக்கத்தான் இழுப்பேன். நீ தஸ்நேவிஸுக்கு எழுது. உன் கையில் உயிரைக் கொடுத்து இறங்கியவன் அவன், கடல் விஷயத்தில் நான் சொன்னால் பொம்பளைப் பேச்சு, நீ சொன்னால் கேட்பான். வீட்டு விலாசத்துக்கு வேண்டாம், அப்பா பிரித்துவிடுவார், கோயில் விலாசத்துக்குச் சாமியார் மேற்பார்வை என்று போட்டு அனுப்பு, நான் சாமியாரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். சேசடிமைக்கு நடந்ததை அப்படியே எழுது, கால் செத்தது, ஒண்ணுக்குப் போக முடியாமல் வயிறு வீங்கியது, பிறகு அவனே செத்தது எல்லாவற்றையும் எழுது. ஒரு இங்கிலீஷ் சொல்லும் போடாதே. பிரஷர், ரிஸ்க் என்று ஏதாவது எழுதினாயென்றால் படித்துவிட்டு மடித்து வைத்துவிடுவான். அவன் பயப்பட வேண்டும், அவனுக்குப் பயம் வருகிற மாதிரி நம் பேச்சில் எழுது. இறங்காதே என்று முதலில் சொல்லிப் பார். கேட்கமாட்டான் என்று எனக்குத் தெரியும், அந்த மூச்சுக்கு அவன் அவ்வளவு ஆசைப்பட்டுவிட்டான். கேட்காவிட்டால் இதைச் சொல். கீழே குழாய் மடங்கினாலும், மோட்டார் நின்றாலும், என்ன ஆனாலும் கயிற்றை மட்டும் உலுக்காதே. மாமாவைக் கூப்பிடாதே. நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நீயாகவே மெள்ள மெள்ள ஏறி வா, கல்லோடு இறங்கிப் பழகிய மூச்சு உனக்கு இருக்கிறது, அதை நம்பு என்று எழுது. அந்த மூச்சு மேலே வரும்வரை போதுமா என்று என்னிடம் கேட்காதே, எனக்குத் தெரியாது, டாக்டரிடம் கேட்க எனக்குத் தைரியமும் இல்லை. என் மகளின் புருஷனிடம், உன்னைக் காப்பாற்ற மேலே நிற்கிறவரைக் கூப்பிடாதே என்று ஒரு மாமியார் எந்த வாயால் சொல்லுவாள், அதனால்தான் உன்னைச் சொல்லச் சொல்கிறேன்.

வாசல் பக்கம் அப்பாவின் இருமல் கேட்கிறது, நிறுத்துகிறேன். குளிர் காலம், அங்கே ராத்திரி குளிரும் என்கிறார்கள், நான் கொடுத்தனுப்பிய கம்பளியைப் பெட்டியில் வைத்து அழகு பார்க்காதே, போர்த்திக்கொள். வெள்ளிக்கிழமை இறைச்சி தின்னாதே. சர்வேசுரனும் பனிமய மாதாவும் உன் தலைமேல் கைவைத்துக் காக்கட்டும், உன் கை கால் சுகத்தோடு உன்னை என் கண்ணில் காட்டட்டும். இந்தக் கடிதத்தை வாசித்ததும் கிழித்துவிடு. இது கிடைத்த அன்றைக்கே உட்கார்ந்து எழுது, இருப்பதே ஒரு தபால் போகிற நேரம்தான். எனக்குப் பதில் வேண்டாம், அவனுக்கு எழுது.

உன்னைப் பெற்ற அம்மா,
ஞானபாய் ரோச்